இரண்டு வீட்டுக்கு ஒரு சாயங்காலம்

ஜன்னலோரத் தொட்டியைத் தூக்கக் குனிந்தபோது பெரியவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சோபாவைச் சுவரோடு ஒட்டியாயிற்று, சாப்பாட்டு மேஜையை மடக்கி அறைக்குள் தள்ளியாயிற்று. அப்படியும் அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சைச் சுற்றி நாலு பேர் நிற்க இடமில்லை. நகர்த்துவதற்கு மிச்சமிருந்தது இந்தச் செடி ஒன்றுதான்.

"நீ ஏம்மா தூக்குற? யாரையாவது கூப்பிட்டா எடுத்து வைப்பாங்க" என்றாள் மாடி வீட்டம்மா.

"வேணாம். கிளையைப் பிடிச்சுத் தூக்குவாங்க. ஒடிஞ்சா பாலா வடியும்."

செத்த வீட்டில் செடிக்கு வந்த யோகத்தைப் பார் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடி வீட்டம்மா விலகிக்கொண்டாள். பெரியவள் தொட்டியை அணைத்தபடி கொண்டுபோய் அடுக்களை மேடையில் வைத்தாள். காலையில் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டதிலிருந்து அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. யார் யாருக்குச் சொல்வது, நாற்காலிக்கு யாரிடம் கேட்பது, வண்டி எப்போது வரும் என்று ஒரே ஓட்டம்.

பாயின்செட்டியா. பேரைச் சொல்லிப் பழகவே அப்பாவுக்கு ஒரு மாதம் ஆயிற்று. பார்சல் ஆபீசில் ரிட்டையராகி வெளியே வந்த அன்று யாரோ கையில் கொடுத்து அனுப்பிய தொட்டி. வந்த புதிதில் உச்சி இலையெல்லாம் அப்படி ஒரு சிவப்பு. வீட்டுக்கு வந்தவர்கள் பூவென்று சொல்லி வாயை மூடுவதற்குள் அப்பா பிடித்துக்கொள்வார். "பூ இல்ல சார், இலை. நடுவுல பொட்டு மாதிரி மஞ்சளா இருக்கு பாருங்க, அதுதான் பூ." சிவப்பு உதிர்ந்தபின் பச்சையாகத் துளிர்த்தது. அடுத்த வருஷமும் பச்சை. அதற்கடுத்த வருஷமும் பச்சை.

பெரியவள் குறை வைக்கவில்லை. மேல் மண் காய்ந்ததா என்று விரல் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றினாள். தட்டில் தேங்கினால் உடனே கொட்டினாள். வாசல் காற்று படாமல், பகல் வெளிச்சம் குறையாமல், அடுப்புச் சூடு அண்டாமல் ஜன்னலோரத்தில் வைத்தாள். "ஏம்ப்பா இது சிவக்கவே மாட்டேங்குது?" என்று வருஷம் தவறாமல் கேட்டாள். "அதோட குணம் அப்படிம்மா. ஒரு தடவைதான் சிவக்கும். கடைக்காரன் ஏதோ மருந்து வச்சு அனுப்பறான்" என்றார் அப்பா. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். அப்படி விட்டுவிட்டவை அந்த வீட்டில் நிறைய.

நேற்றிலிருந்து விடாமல் ஒன்று மட்டும் குடைந்துகொண்டிருந்தது. அப்பா விழுந்தது எங்கே? பாலத்துக்கு அந்தப் பக்கம், டயர் கடைத் தெருவில். தினமும் சாயங்காலம் பூங்காவுக்கு நடக்கப் போகிறவர் அவர். பூங்கா இருப்பது எதிர்த் திசையில். டயர் கடைக்காரர்தான் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். அங்கே அப்பாவின் சட்டைப்பையில் இருந்ததைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் வீட்டுச் சாவியோடு இன்னொரு சாவி. இந்த வீட்டில் அதற்குப் பூட்டே கிடையாது. பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் ஒரு சுருள். நடக்கப் போகிற மனுஷனுக்கு டேப் எதற்கு?

"அம்மா, கொஞ்சம் இப்படி வா."

அடுக்களை வாசலில் குடைக்காரர் நின்றார். அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர். வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பூங்காவில் அப்பாவோடு நடப்பதாகச் சொல்லப்பட்டவர் அவர்தான்.

"சின்னவ வந்திருக்கா. கீழே படிக்கட்டுல நிக்கறா."

"யாரு மாமா அவளுக்குச் சொன்னது?"

"நான்தான். பெத்த அப்பன்மா. சொல்லாம எப்படி?"

"அப்பா என்ன சொல்லி வச்சிருந்தாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

குடைக்காரர் குடையின் வளைவைத் தடவிக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியாமல் என்ன? ஊருக்கே தெரியும். சின்னவள் ஒர்க்‌ஷாப்காரனைக் கட்டிக்கொண்டு போன அன்று அப்பா இதே ஹாலில் நின்று, "இனிமே எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. அதன் பிறகு மெல்லிய குரலில் பெரியவளிடம் மட்டும் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது. "என் சாவுக்குக்கூட அவ இந்தப் படி ஏறக்கூடாது. நீதான் பாத்துக்கணும். என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு." பெரியவள் பண்ணினாள். அந்தக் கை ஜில்லென்றிருந்தது. அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் பண்ணியிருப்பாள்.

பண்ணியதோடு விடவில்லை, கடைப்பிடித்தாள். எதிரே தங்கை வந்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததைக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டு ஒரு கவுன் வாங்கினாள். அது பீரோவில் துணிக்கடியில் கிடந்து மஞ்சளடித்துப் போயிற்று. பெரியவளுக்கென்று வந்த வரன்களும் அப்படியே நின்றுபோயின. "நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்?" என்று அப்பா கேட்டபோது, அதுவும் நியாயம்தானே என்று பட்டது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். இன்னும் சில மணி நேரம். அதுவரை இந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டால் அவர் நிம்மதியாகப் போவார். அதற்கப்புறம் எப்படியோ போகட்டும்.

படிக்கட்டுத் திருப்பத்தில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். உடம்பு பெருத்திருந்தது. முன்னால் ஒரு கொத்து நரை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இரண்டு கையாலும் ஒரு செடித்தொட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கேயே நில்லு." அதைக் கோபமாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். குரல் பாதியில் உடைந்துவிட்டது.

"ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்க்கா. பூ வாங்கத் தோணல. அதான் இதைக் கொண்டு வந்தேன். காலடியில வச்சுட்டுப் போயிடறேன்."

அப்போதுதான் பெரியவள் தொட்டியைப் பார்த்தாள். அதே இலை, அதே ஓரம், அதே கணு. உச்சியில் மட்டும் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. நரம்பெல்லாம் இன்னும் பச்சை, நடுவில் சதை சிவப்பு. இன்னும் கொஞ்ச நாளில் முழுக்கச் சிவந்துவிடும்.

"இது எந்தக் கடையில வாங்கின?"

"வாங்கல. அப்பா நட்டுக் கொடுத்ததுதான். உங்க வீட்டுச் செடியில வெட்டின கொம்பு."

பெரியவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெட்டின கொம்பு. ஒவ்வொரு வருஷமும் இலை கொட்டியதும் அப்பா செடியைப் பாதிக்கு வெட்டுவார். பால் தரையில் சொட்டாமல் செய்தித்தாள் பிடித்தது அவள்தான். "குடும்மா, குப்பையில போட்டுட்டு வரேன்" என்று அவர் வாங்கிக்கொண்டு போன பொட்டலத்தைச் சுருட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

"அப்பா உங்க வீட்டுக்கு வந்தாரா?"

சின்னவள் விழித்தாள். "உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா இப்ப மறைச்சு என்ன ஆகப்போகுது? பாலம் தாண்டி தினமும் வருவாருக்கா. சாயங்காலம் நான் பேக்கரியில நிப்பேன், என் வீட்டுக்காரரு ஒர்க்‌ஷாப்புல இருப்பாரு. பொண்ணும் டியூஷன் முடிஞ்சு வர இருட்டிடும், வீட்ல யாரும் இருக்க மாட்டோம்னு அப்பாகிட்ட ஒரு சாவி கொடுத்திருந்தோம். இருட்டறதுக்கு முந்தி வந்து செடிமேல அட்டைப்பெட்டியைக் கவுத்து மூடிடுவாரு. காலையில என் பொண்ணு எடுப்பா. ராத்திரி முழுக்கக் கும்மிருட்டா இருந்தாத்தான் இது சிவக்குமாம். கொஞ்சம் லைட் பட்டாலும் போச்சாம். ரெண்டு மாசம் இப்படிப் பண்ணணும். மத்த நாள்ல சும்மா வந்து, பொண்ணு வந்ததும் அதுகூடக் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாரு." மூக்கை உறிஞ்சினாள். "முந்தாநாள்கூட, பெட்டி ஓரம் பிரிஞ்சு வெளிச்சம் போகுது, நாளைக்கு டேப் கொண்டு வரேன்னாரு."

பாலத்துக்கு அந்தப் பக்கம். சாவி. டேப். பெரியவள் குடைந்து குடைந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்து வரிசையாக நின்றது. சந்தோஷமாக இல்லை.

"எங்க வீட்ல ஒரு தடவைகூடச் சிவக்கலடி" என்றாள். கேட்க வேண்டியது அதுவா என்று அவளுக்கே தெரியவில்லை. வாயில் வந்தது அதுதான். "வருஷா வருஷம் கேட்டேன். ஒரு தடவைதான் சிவக்கும்னாரு."

சின்னவள் வெள்ளந்தியாகச் சொன்னாள். "அவரு என்னக்கா பண்ணுவாரு? நீயும் கடையை மூடிட்டு வர இருட்டிடும். சாயங்காலம் ஒண்ணுதானே. ஒரே நேரத்துல ரெண்டு வீட்ல எப்படி மூட முடியும்?"

பெரியவளுக்குச் சுருக்கென்று குத்தியது. அந்தச் சாயங்காலத்தில்தானே இருந்தது எல்லாம்! அவள் கண்ணாடிக் கடையில் ஊராருடைய கண்ணுக்கு நம்பர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தன் ஒரே சாயங்காலத்தை அவர் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டில் கொடுத்திருக்கிறார். காலையில் மாத்திரை, மத்தியானத்துக்கு டப்பாவில் சாப்பாடு, ராத்திரி காலுக்குத் தைலம், இவற்றைக் கவனிப்பது மட்டும் இவளுக்கு.

"போகட்டும்" என்றாள் சின்னவள். "நீ அவ்வளவு வெறுப்பா இருந்தே. அப்பா என்ன செய்வாரு பாவம். முதல் தடவை வந்தப்பவே சொல்லிட்டாரு. பெரியவளுக்குத் தெரியாம வந்திருக்கேன், உன் பேரை எடுத்தாலே எரிஞ்சு விழறா, இங்க வந்தது தெரிஞ்சா எனக்குச் சோறு போட மாட்டான்னு."

படிக்கட்டில் யாரோ இறங்கிப் போனார்கள். இருவரும் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"நான் சோறு போட மாட்டேன்னு சொன்னாரா?"

"நான்கூட முதல்ல நம்பலக்கா. என் அக்கா அப்படிப்பட்டவ இல்லன்னு சண்டை போட்டேன். அப்புறம்தான் ஒரு நாள் உன் கடைக்கு வந்தேன். உள்ள இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னே. உன் செருப்பு வாசல்ல கிடந்துச்சு. அப்பா சொன்னது சரிதான்னு திரும்பிட்டேன்."

"அடிப்பாவி" என்றாள் பெரியவள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. "அடிப்பாவி, அவருதான்டி என்கிட்ட சத்தியம் வாங்கினாரு! நீ படி ஏறக்கூடாதுன்னு, உன்கூடப் பேசக்கூடாதுன்னு. அவருக்காகத்தான்டி நான்... உள்ள உக்காந்து அழுதுக்கிட்டுத்தான் இல்லைன்னு சொல்லச் சொன்னேன்."

தொட்டி சின்னவளின் கையிலிருந்து நழுவப் பார்த்தது. பெரியவள் அனிச்சையாகக் கை கொடுத்து அடியில் தாங்கினாள். இருவருமாக அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வா" என்றாள் பெரியவள். "மேல வா."

ஹாலுக்குள் இருவரும் நுழைந்ததும் பேச்சு நின்றது. குடைக்காரர் எழுந்தார். பெரியவள் நேராக அவரிடம் போனாள்.

"உங்களுக்குத் தெரியும்ல மாமா?"

"சத்தியம் வாங்கிட்டாருமா உங்கப்பா."

"ஆளாளுக்குச் சத்தியம் வாங்கறதே அவருக்கு வேலையாப் போச்சு." அவள் சிரித்த மாதிரி இருந்தது. "பூங்காவுல ரெண்டு பேரும் எத்தனை சுத்து நடந்தீங்க?"

குடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைச் சொல்லி என்ன? அவள் திரும்பி அப்பாவின் தலைமாட்டுக்குப் போய் நின்றாள். நேற்று வரை பார்த்த அதே முகம். சவரம் செய்த கன்னம்; அதையும் நேற்றுக் காலையில் அவள்தான் செய்துவிட்டாள். ரொம்பவும் நிம்மதியாக இருந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எந்திரிங்கப்பா" என்றாள். "எந்திரிச்சு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க. என்கிட்ட அவளைக் கெட்டவளாக்கினீங்க. அவகிட்ட என்னைக் கெட்டவளாக்கினீங்க. நடுவுல நீங்க மட்டும் நல்லவரா? ரெண்டு வீட்லயும் நல்லவரா? நான் போயிடுவேன்னு பயமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உங்களை அங்க கூட்டிட்டுப் போயிருப்பேனே! உங்களுக்கு என்ன துரோகம் பண்ணேன் நான்? எந்திரிங்க!"

பெஞ்சின் விளிம்பைப் பிடித்து உலுக்கினாள். யாரோ ஓடிவந்து தோளைப் பிடித்தார்கள்.

"பாவம், அப்பான்னா உசிரு அவளுக்கு" என்று மாடி வீட்டம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. "கல்யாணம்கூட வேணாம்னுட்டா. அப்படிப் பாத்துக்கிட்டா."

இத்தனை பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு எதை விளக்குவது? அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள், பேசிவிட்டுப் போகட்டும். சின்னவள் தொட்டியைக் காலடியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுதாள். வண்டி வந்தது. இரண்டு பேரும் பின்னால் ஒரே ஆட்டோவில் போனார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளவில்லை. இடமில்லாததால் தோள் மட்டும் இடித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் கரைந்துவிட்டது. மாடி வீட்டம்மா பிளாஸ்கில் டீ வைத்துவிட்டுப் போயிருந்தாள். பெரியவள் அடுக்களையிலிருந்த தன் தொட்டியை எடுத்து வந்து ஜன்னலோரத்தில் வைத்தாள். சின்னவளுடையதையும் அதன் பக்கத்தில் வைத்தாள். ஒன்று முழுப் பச்சை. ஒன்று பாதிச் சிவப்பு. பச்சைதான் தாய்.

"உன் பொண்ணை ஏன் கூட்டிட்டு வரல?"

"நீ உள்ள விடுவியோ மாட்டியோன்னு... அவங்கப்பாகிட்ட வீட்லயே விட்டுட்டு வந்தேன்."

"என்னைப் பத்தி அதுகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

சின்னவள் டீயைப் பார்த்தாள். "தாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அது கேட்டா, பெரியம்மாவுக்கு நம்மளப் பிடிக்காதுன்னு நான்தான் சொல்வேன்."

"நாளைக்குக் கூட்டிட்டு வா. வந்து என்னையே கேட்கட்டும்."

"சரி."

"எனக்கு உன்மேலயும் கோபம்தான். தெரிஞ்சுக்கோ. தினமும் அவரை வச்சுக்கிட்டு ஒரு நாள்கூட என்னைத் தேடி வீட்டுக்கு வரணும்னு தோணலல்ல?"

"தோணுச்சு. பயமா இருந்துச்சு." சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு மட்டும் என்னைத் தேடி வரணும்னு தோணலையா?"

வெளியே தெருவிளக்கு எரிந்தது. ஹாலுக்குள் இருட்டு சேர்ந்து சின்னவளின் முகம் தெரியாமல் போகத் தொடங்கியது. பெரியவள் எழுந்து டியூப்லைட்டைப் போட்டாள்.

சின்னவள் பதறி எழுந்தாள். "அக்கா, செடி! இந்நேரத்துக்கு மூடியிருக்கணும். வெளிச்சம் பட்டா நின்னுடும். ஏதாவது பெட்டி இருக்கா? இல்லன்னா பீரோவுக்குள்ள வச்சுடலாம்." கை சுவிட்சுக்குப் போனது.

"விடு."

"இவ்வளவு நாள் பண்ணதெல்லாம் வீணாப் போயிடும்க்கா. அப்பா பாதியில விட்டது..."

"எரியட்டும்" என்றாள் பெரியவள்.

சின்னவளின் கை சுவிட்சின்மேல் இருந்தது. பிறகு இறங்கியது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். டியூப்லைட் வெளிச்சம் இரண்டு செடிகள்மேலும் ஒன்றுபோல விழுந்தது. சின்னவள் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போன் பண்ண நம்பரைத் தேடினாள். கண்ணாடி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றது. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"எங்க போட்ட இதை?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடையில."

"கழட்டு."

பெரியவள் அதை வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். நம்பர் சரியில்லை, எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். புடவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்து, கோணியிருந்த காதுக் காம்பை விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல மெல்ல நிமிர்த்த ஆரம்பித்தாள்.